அக்காவின் விரல்பெட்டி கர்னலுக்குள் போன கதை

நான் அனுப்பிய நிரலுக்கு, அதாவது என் முதல் பேட்ச்சுக்கு, வந்த பதிலை மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், போனுக்கும் ஈமெயிலுக்கும் உள்ள கொமியுனிகேஷன் கடையில் உட்கார்ந்துதான் வாசித்தேன். மொத்தமே மூன்று வரி. "உங்கள் பேட்ச் பொருந்தவில்லை, உங்கள் ஈமெயில் இடைவெளிகளைக் கெடுத்துவிட்டது. அதைச் சரிசெய்தாலும் இவ்வளவு பெரியதை என்னால் வாசிக்க முடியாது. பிரித்து அனுப்புங்கள்." ஒரு வணக்கம் இல்லை, ஒரு நன்றி இல்லை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், இந்த மனுஷனுக்கு வாசிக்க முடியாதாம்! "போடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் டுபாய்க்குப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து காசைக் கொடுத்துவிட்டு உக்குவளை பஸ்ஸில் ஏறினேன். வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டுமென்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் முன் அறைதான் அக்காவின் டைப்பிங் கடை. காணி உறுதிப் பத்திரம், பெட்டிஷன், வேலைக்கு விண்ணப்பம், கல்யாணக் கார்டுக்கு வாசகம், எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் அடித்துக் கொடுப்பாள். அடிக்கிற வேகத்தைப் பார்க்கவே சில பேர் நிற்பார்கள். பிறகு ரத்தோட்டைப் பாதையில் அவள் வந்த பஸ் குடை சாய்ந்தது. உயிர் தப்பினாள், வலது கையில் நரம்பு போய்விட்டது. முழங்கை வரைக்கும் அசையும், அதற்குக் கீழே சும்மா தொங்கும். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு, யாரோடும் பேசாமல், நாள் முழுக்க ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மாதா கோயிலில் கொஞ்சக் காலம் தங்கியிருந்த வெளிநாட்டு சிஸ்டர் ஒருவர், தன் ஊருக்குத் திரும்பிய பிறகு அக்காவுக்கு ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு கையின் விரல்களுக்கு ஏற்றபடி சில பட்டன்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து வரும். எந்த எழுத்துக்கு எந்தச் சேர்க்கை என்று பழகிவிட்டால் ஒரு கையே போதும். நாங்கள் அதற்கு விரல்பெட்டி என்று பெயர் வைத்தோம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. கூட வந்த சீடி எங்கள் கணினியில் வேலை செய்யவில்லை. நான் கடைக் கணினியில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டு வைத்திருந்தேன், வருகிறவர்கள் கொண்டுவரும் வைரஸ்களின் தொல்லை தாங்காமல்.

லினக்ஸின் அடித்தளத்துக்குத்தான் கர்னல் என்று பெயர். கணினியில் செருகுகிற ஒவ்வொரு கருவிக்கும் அதன் பாஷை தெரிந்த ஒரு சின்ன நிரல் அங்கே வேண்டும், அதுதான் டிரைவர். விரல்பெட்டிக்கு டிரைவர் இல்லை. நான் கண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், கர்னல் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. இருந்தாலும் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அக்கா பழகினாள். விரல் ஓட ஓட முகம் மாறியது. கடை மறுபடி திறந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அதற்குள் எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போக எனக்கு ஆசை. அந்த வருஷங்களில் போக ஆசைப்படாதவர் யார்? ஆனால் கர்னல் சில மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அது மாறும்போதெல்லாம் வெளியே தனியாகக் கிடக்கும் என் டிரைவர் உடைந்துபோகும், நான் உட்கார்ந்து ஒட்டவேண்டும். நான் போய்விட்டால் யார் ஒட்டுவது? ஒருநாள் பெட்டி நின்றுபோகும். அக்கா மறுபடி ரேடியோவுக்கு முன்னால் போய் உட்காருவாள். அதைத் தடுக்க ஒரே வழி, டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது. உள்ளே போய்விட்டால் கர்னலை மாற்றுகிறவர்களே அதையும் கூட்டிக்கொண்டு போவார்கள். புதிய சீடி எதுவாக இருந்தாலும் டிரைவர் அதிலேயே இருக்கும். உள்ளே சேர்ப்பதா இல்லையா என்று தீர்மானிக்கிறவர், கர்னலின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும், நான் முகம் பார்த்தறியாத அந்த மனுஷன்தான். அதனால்தான் அந்த மூன்று வரிப் பதில் என்னை அப்படிச் சுட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவள் விரல்பெட்டியில் இருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"அந்தாளு என்னா கேட்டாரு?"

"பிரிச்சு அனுப்பணுமாம்."

"அப்ப பிரிச்சு அனுப்பு. அதுக்கு ஏன் கதவ இப்புடி அடிச்சு சாத்துற?"

ஆத்திரம் அடங்கியபின் நான் அனுப்பியதை நானே திறந்து பார்த்தேன். பேட்ச் என்பது, ஏற்கெனவே இருக்கும் நிரலில் எந்த வரி போகவேண்டும், எங்கே எந்த வரி வரவேண்டும் என்று காட்டும் ஒரு கோப்பு. நான் அதைக் கொமியுனிகேஷன் கடையில் ஈமெயில் பக்கத்துக்குள் அள்ளி ஒட்டியிருந்தேன். அந்தப் பக்கம் வரிகளின் தொடக்கத்தில் இருந்த இடைவெளிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, நீளமான வரிகளை இரண்டாக முறித்து வைத்திருந்தது. ஓர் இடைவெளி மாறினாலும் பேட்ச் ஒட்டாது. அது மட்டுமா? டிரைவர், பட்டன் அட்டவணை, மற்றவர்களின் கோப்புகளில் போகிற போக்கில் நான் செய்த அழகுபடுத்தல்கள், எல்லாம் ஒரே குவியல். சந்தை முடிந்த மாலையில் பையைக் கவிழ்த்துக் கொட்டியது போல் கிடந்தது. எனக்கே எது எதற்கு என்று விளங்கவில்லை. மனுஷன் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது.

கண்டிக் கம்பெனியின் முதலாளி நல்ல மனுஷர். வேலை முடிந்தபின் அங்கிருந்து அனுப்பிக்கொள்ளச் சொன்னார். அங்கே இடைவெளியைக் கெடுக்காத ஈமெயில் நிரல் இருந்தது. விரல்பெட்டியையும் கொண்டுபோய் அங்கேயே சோதிக்கலாம் என்று பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். எவ்வளவு பெரிய மடத்தனம்! அது யுத்த காலம், கண்டிக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்தான். கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான், தமிழ்ப் பெயரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"மே மொனவாத?" என்றான். இதெல்லாம் என்ன என்று கேட்கிறான்.

சிங்களத்தில்தான் சொன்னேன், அக்காவுக்குக் கை சரியில்லை, இது டைப் அடிக்கிற சாமான் என்று. அவன் ஒரு பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை அழுத்தினான். பிறகு தனக்கு மேலே உள்ள பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டான். அவர் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். பஸ் போய்விட்டது. கர்னல், டிரைவர் என்றெல்லாம் விளக்கலாமா என்று ஒரு நினைவு வந்தது. மாதாவே, நல்லவேளை சொல்லவில்லை! அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஆட்கள் நினைக்கிற கேர்ணல் வேறு, இயக்கத் தளபதிகளின் பட்டம். கடைசியில் அந்தப் பெரியவர் "ஹரி, யன்ன" என்றார். சரி, போ என்கிறார். பாதை ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா பெட்டியை என் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"இனி இது இந்தக் கடைய விட்டு வெளிய போவாது. சோதிக்கிறதுன்னா இங்க வந்து சோதி. நானும் இருக்கேன்ல."

அப்படித்தான் அக்கா என் பேட்ச்களுக்குச் சோதனைக்காரி ஆனாள். எழுதுவதும் சோதிப்பதும் உக்குவளையில், அனுப்புவது மட்டும் பென் டிரைவில் கண்டிக்கு.

இரண்டாவது முறை நான் பிரித்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கவே இல்லை. கோப்புக்கு ஒரு பேட்ச் என்று வெட்டி அனுப்பிவிட்டேன். பதில் இந்த முறை ஐந்து வரி. "இரண்டாவது பேட்ச்சோடு நிறுத்தினால் கர்னலே உருவாகவில்லை, நான்காவதில் இருப்பதை அது தேடுகிறது. ஒவ்வொரு படியும் தன் காலில் நிற்கவேண்டும். ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம். என்ன மாற்றினீர்கள் என்பது நிரலிலேயே தெரிகிறது. ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்." பின்னால் ஒருநாள் ஏதாவது பழுது வந்தால், பேட்ச் பேட்ச்சாக நிறுத்திப் பார்த்துத்தான் எதில் வந்தது என்று கண்டுபிடிப்பார்களாம். நடுவில் ஒரு படி உடைந்திருந்தால் தேடுகிறவர் அதிலேயே விழுவார்.

சிங்கப்பூர்க்காரர்கள் எப்போது வருகிறாய் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். டிசம்பர் நத்தார் பண்டிகைக்குப் பிறகு என்று சொல்லி வைத்திருந்தேன். "அதுக்குள்ள முடியலன்னா நான் போகமாட்டேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். அக்கா சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தாள்.

"எனக்காக நீ போவாம இருந்தியன்னா, இந்தப் பெட்டிய மகாவலி ஆத்துல கொண்டு போய்ப் போட்டுருவேன். வெளங்குதா? என்னைச் சாட்டா வச்சுக்கிட்டு இங்கேயே கெடக்காத."

அவள் சொன்னால் செய்வாள்.

மூன்றாவது முறை ஒழுங்காக ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, வெறும் கர்னலில் இருந்து ஒவ்வொரு படியாகக் கட்டினேன். மற்றவர்களின் கோப்புகளில் நான் செய்திருந்த அழகுபடுத்தலை எல்லாம் தூக்கி எறிந்தேன், யார் கேட்டார்கள் அதை? முதல் பேட்ச்சில் கணினி பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளும், அவ்வளவுதான். அக்கா பெட்டியைச் செருகினாள். பச்சை லைட் வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்குத்தான் ரெண்டு நாளா குந்திக்கிட்டு இருந்தியா?"

அடுத்த பேட்ச்சில் எந்த விரல் அழுத்துகிறது என்று மட்டும் தெரியும், எழுத்து வராது. அதற்கு அடுத்ததில் விரல்கள் சேர்ந்து எழுத்தாகும். அது வேலை செய்த அன்று அக்கா "மரியே வாழ்க" என்று அடித்துவிட்டு, "சரி, அடுத்தது" என்றாள். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, கர்னலை மறுபடி உருவாக்கி, கணினியை மூடித் திறந்து, அவளை அடிக்க விட்டுப் பார்த்தேன். ஒருமுறை உருவாக்கி முடிய ஒரு பின்னேரம் போய்விடும். நடுவில் கரண்ட் போனால் கதை கந்தல். ஆனால் எனக்கு ஓர் ஆச்சரியம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கும்போது என் நிரல் எனக்கே விளங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பேட்ச்சின் தலையிலும் ஏன் என்று நாலு வரி எழுதினேன். எழுத எழுத மனசு லேசானது.

ஒரே ஒரு வரியிடம் வந்து சிக்கிக்கொண்டேன்.

அந்த வரிக்கு ஒரு பின்னணி உண்டு. எங்கள் பக்கம் ஐப்பசியில் பின்னேரமானால் இடி. முதல் உறுமல் கேட்டதுமே தெருவில் ஒரு வீடு விடாமல் டீவி வயரைக் கழற்றுவார்கள், போன் வயரைக் கழற்றுவார்கள், சுவரில் இருக்கும் ப்ளக்கை எல்லாம் பிடுங்குவார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் முன்னால் விரல்பெட்டியைத்தான் பிடுங்குவாள். கணினி எரிந்தால் இன்னொன்று வாங்கலாம், இது எரிந்தால் உலகத்திலேயே கிடைக்காது. அப்படிப் பிடுங்கும்போது சில நாள் கணினி அப்படியே உறைந்துபோகும். அடித்து முடித்த காணி உறுதி காற்றோடு போகும். அவள் மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். நானும் எத்தனையோ தரம் கழற்றிப் பார்த்தேன், எனக்கு ஒருநாளும் உறையவில்லை. "நீ முரட்டுத்தனமா இழுக்கிற" என்று அவளைத் திட்டுவேன். "பிறகு எப்புடி இழுக்கணும், கெஞ்சியா?" என்பாள். கடைசியில், கழற்றியதும் அரை விநாடி சும்மா இரு என்று டிரைவருக்குள் ஒரு வரி போட்டேன். உறைவது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

இப்போது அந்த வரிக்கு ஏன் என்று எழுதவேண்டும். என்ன எழுதுவது? "போட்டால் கொஞ்சம் நல்லா இருக்கிறது" என்றா? அந்த மனுஷன் என்னைக் கிழித்து எறிவான். வரியை எடுத்துவிட்டால் அக்காவின் வேலை கெடும். வைத்தால் காரணம் இல்லை. சும்மா ஒரு காரணத்தைக் கட்டிவிடலாமா என்றும் பார்த்தேன், ஆங்கிலத்தில் அளந்தால் யாருக்குத் தெரியும்? மனசு கேட்கவில்லை. நாலு நாள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படி ஒரு பின்னேரம் கடை மூலையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடி உறுமியது. குசினியிலிருந்து அம்மா சத்தம் போட்டார்.

"இடி இடிக்குது! எல்லாத்தையும் கழட்டுங்கடி!"

அக்கா எழுந்தாள். அவளுக்கு இருப்பது ஒரு கை. பெட்டியில் செருகியிருக்கும் வயரை ஒரு கையால் இழுத்தால் பெட்டியும் சேர்ந்து வந்து தரையில் விழும். அதனால் அவள் குனிந்து, வழங்காத வலது கையின் முழங்கையைப் பெட்டியின் மேல் ஊன்றி அமுக்கிக்கொண்டு, இடது கையால் வயரை இழுத்தாள். முழங்கை பட்டன்களின் மேல் இருந்தது. திரை உறைந்தது.

"அசையாத!" என்று கத்தினேன். "அப்புடியே இரு!"

"ஐயோ, என்னாடி, பாம்பா?"

நான் வாங்கைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவள் முழங்கையைப் பார்த்தேன். இத்தனை மாதமாக என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது. நான் இரண்டு கைக்காரி. ஒரு கையால் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து, மறு கையால் வயரைக் கழற்றுவேன், பட்டன்கள் சும்மா இருக்கும். அவள் கழற்றும்போது பட்டன்கள் அமுங்கியே இருக்கும். பட்டன் அமுங்கியிருக்கும் வரை, விரல் எடுபட்டுவிட்டதா என்று பார்க்க டிரைவருக்குள் ஒரு டைமர் திரும்பத் திரும்ப ஓடும். வயரைக் கழற்றியதும் டிரைவர் தன் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். டைமருக்கு அது தெரியாது. குடிபெயர்ந்துபோன வீட்டின் வாசலில் பால்காரர் பாலை ஊற்றுவது மாதிரி அது காலி இடத்தில் போய் எழுதும், கர்னல் விழுந்துவிடும். டிரைவர் அரை விநாடி சும்மா இருந்தால் டைமர் சில நேரம் ஓய்ந்திருக்கும். அக்காவின் முழங்கை எழும்பாவிட்டால் ஓயாது.

"கொம்பியூட்டரப் போடு. இன்னொருக்கா அதே மாதிரி பிடுங்கு" என்றேன்.

"இடி இடிக்குதுடி!"

"இடிக்கட்டும், பிடுங்கு!"

அம்மா அகப்பையோடு வந்து எங்கள் இருவரையும் பைத்தியங்கள் என்று திட்டினார். இரண்டாவது தரமும் உறைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "கொம்பியூட்டர் செத்ததுக்கு இந்த ஆட்டமா?" என்றாள் அவள். செத்ததற்குத்தான்! வேண்டும்போது சாகிறது என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

அந்த அரை விநாடி வரியைத் தூக்கி எறிந்தேன். முதலில் டைமரை நிறுத்து, அது திரும்ப ஓடாது என்று உறுதி செய், பிறகு இடத்தைக் காலி செய். மொத்தமே சில வரிகள். தனியாக ஒரு பேட்ச் ஆக்கினேன். தலையில் காரணம் எழுதக் கை தானாக ஓடியது. அடுத்த நாள் பின்னேரம் அக்கா முழங்கையை ஊன்றி ஊன்றி எத்தனை தரம் பிடுங்கினாள் என்று தெரியாது. "போதுமா? போதுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடுங்கினாள். திரை உறையவே இல்லை.

எல்லாவற்றையும் கோர்த்துக் கண்டியிலிருந்து அனுப்பினேன். பதிலில் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். அந்த ஒரு பேட்ச்சுக்குக் கீழே மட்டும் ஒரு கேள்வி. "பட்டனை அமுக்கிக்கொண்டே யாராவது கருவியைக் கழற்றுவார்களா? இது உண்மையில் நடந்ததா?"

நான் உள்ளதை எழுதினேன். என் அக்காவுக்கு ஒரு கைதான் வேலை செய்யும். எங்கள் ஊரில் இடி இடித்தால் எல்லாவற்றையும் கழற்றுவோம். அவள் முழங்கையால் அமுக்கிக்கொண்டு கழற்றுகிறாள். இந்தப் பெட்டி அவளுடைய பிழைப்பு. அனுப்பிவிட்டு வெட்கமாகிவிட்டது. ஊர் பேர் தெரியாத ஓர் ஆளிடம் வீட்டுக் கதையைக் கொட்டிவிட்டோமே!

அவரிடமிருந்து வந்தவற்றிலேயே அன்பான பதில் அதற்குத்தான் வந்தது. "இதைவிட நல்ல காரணத்தை நான் இந்த வருஷம் வாசிக்கவில்லை. இதை அப்படியே பேட்ச்சின் விளக்கத்தில் சேருங்கள். சோதித்தவர் உங்கள் அக்கா என்றால் அவருடைய பெயரையும் போடுங்கள், அதுதான் எங்கள் வழக்கம்." பேட்ச் எழுதியவர் முழுப்பெயரோடு கையெழுத்துப் போடுவது போல, சோதித்துப் பார்த்தவருக்கும் கீழே ஒரு வரி உண்டு.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கடைப் போர்டில்கூடப் பெயர் இல்லை, 'டைப்பிங்' என்று மட்டும்தான் இருந்தது. முன்பு ஒருமுறை கலவரத்தில் ஊர் எரிந்தபோது எந்தக் கடை தமிழருடையது என்று போர்டைப் பார்த்துத்தான் எரிக்க வந்தார்கள் என்பது அம்மாவின் பயம். "எதுக்கு புள்ள வீணா? ஒலகம் பூரா பாக்குற எடத்துல பேரப் போட்டு?" என்றார். பயம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அக்காதான் "போடு" என்றாள். "முழுப்பேரையும் போடு. நான் சோதிச்சேன்ல?"

போட்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் பதில் வந்தது. சேர்த்துவிட்டேன், நன்றி. வேறு ஒன்றும் இல்லை. கம்பெனியில் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். மேசையில் தலையை வைத்து அப்படியே கிடந்தேன். நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு பெட்டிஷன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹரி" என்றாள். "இனி டிக்கெட்டப் போடு."

நான் போனேன். என் டிரைவர் சேர்ந்த கர்னல் வந்தது. அது சேர்ந்த லினக்ஸ் சீடியும் வந்தது, ஆள் மூலமாக ஒன்றை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். ஆனால் அக்கா அதைத் தொடவில்லை. பழையது ஓடுகிறதே, ஏன் கையை வைப்பது என்பாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் எனக்கும் பயம்.

பிறகு ஒருநாள் மதியம் வேலை இடத்துக்கு அக்காவின் அழைப்பு. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. மாத்தளைக் கணினிக் கடைக்காரர் புதிது மாட்டி, நான் அனுப்பிய சீடியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கணினி திறந்துவிட்டது. விரல்பெட்டியை இன்னும் செருகவில்லை.

நான் கை வைக்காத ஒரு கணினி. நான் ஒட்டிக்கொடுக்காத ஒரு கர்னல். வேலை செய்யாவிட்டால் என்ன செய்வேன்? முதலாளியிடம் லீவு கேட்பதா, டிக்கெட்டுக்கு எங்கே போவது, எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது.

"செருகு" என்றேன்.

"செருகிட்டேன்."

"லைட் வந்துச்சா?"

எதுவோ தட்டென்று பட்ட சத்தம்தான் கேட்டது.

"அக்கா! லைட் வந்துச்சா இல்லையா? ஏதாச்சும் அடிச்சுப் பாரு. அக்கா!"

போனை மேசையில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. தெருவில் ஒரு த்ரீவீல் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் ஏதோ கேட்கிறாள். பிறகு அக்காவின் குரல், என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்: "கொப்பி கீயத ஓனே?" எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கிறாள். அதற்குப் பிறகு பட்டன் சத்தம், நிற்காமல், பழைய வேகத்தில்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை எடுத்தாள்.

"ஏய், இன்னும் இருக்கியா? ஆள் வந்திருக்காங்க. வை போனை."

வைத்துவிட்டாள். வேலை செய்கிறதா இல்லையா என்று அவள் எனக்குச் சொல்லவே இல்லை. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்துக்கொண்டே. பக்கத்து மேசைப் பையன் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். இல்லை, அக்காவுக்கு வேலை வந்திருக்கிறது என்று சொன்னேன்.